கரைக்குப் பட்டா இல்லை



ஓர் உழவரின் சொத்தைக் கணக்கெடுப்பது எளிது. கிராம நிர்வாக அலுவலரிடம் சிட்டா இருக்கிறது, அடங்கல் இருக்கிறது, புல எண் போட்ட வரைபடமும் இருக்கிறது. இத்தனை ஏக்கர் புஞ்சை, இத்தனை பனை, ஒரு கிணறு என்று ஒரே தாளில் எழுதிக் கொடுத்துவிடலாம். வேம்பாரிலிருந்து பெரியதாழை வரை நீளும் தூத்துக்குடி மாவட்டக் கடற்கரையில் ஒரு மீனவரின் சொத்தை அப்படி எழுத முடியாது. அவர் பாடு பார்க்கும் கடல் அரசுடையது. வள்ளத்தை ஏற்றி வைக்கும் மணல் புறம்போக்கு. குடியிருக்கும் மனைக்குப் பட்டா கிடைக்காத குடும்பங்கள் இன்றும் ஊர் ஊராக இருக்கின்றன. வள்ளமும் வலையும் அவருடையவைதாம். ஆனால் அவற்றின் மேல் வியாபாரியின் முன்பணம் உட்கார்ந்திருக்கிறது.

இத்தனைக்கும் இந்தக் கரையில் மக்கள் இரண்டாயிரம் ஆண்டுகளாகக் குடியிருக்கிறார்கள். யாருடைய உரிமை எழுதப்பட்டது, யாருடையது எழுதப்படாமல் போனது என்பதே இன்றைய பேச்சின் பொருள்.

கடலுக்கும் சொந்தக்காரர் உண்டு என்ற எண்ணம் இங்கே மிகப் பழையது. கி.பி. முதல் நூற்றாண்டில் ஒரு கிரேக்க வணிகர் எழுதிய எரித்திரியக் கடல் பயண நூல், பாண்டியருடைய கொற்கையில் தண்டனை பெற்ற கைதிகளைக் கொண்டு முத்துக்குளித்தார்கள் என்கிறது. அரசன் தன் கைதிகளை இறக்கி எடுக்கும் முத்து அரசனுடைய முத்து. பிறகு தாமிரபரணியின் வண்டல் கொற்கையைத் தூர்த்தது, கடல் விலகிப் போனது, துறைமுகம் காயலுக்கு இடம்பெயர்ந்தது. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, முத்தெடுக்கும் வணிகர்கள் அரசனுக்குப் பத்தில் ஒரு பங்கு கொடுத்ததை எழுதிவைத்தார். சுறா குளியாளிகளைத் தாக்காதபடி மந்திரம் ஓதியவர்களுக்கு இருபதில் ஒரு பங்கு போனதாம். கடலுக்குள் இறங்கியவருக்கு என்ன கிடைத்தது என்பதைக் காட்டிலும் கரையில் நின்றவர்களுக்கு என்ன போனது என்பதுதான் ஏடுகளில் தெளிவாகப் பதிந்திருக்கிறது.

1530-களில், கடலடியில் சிப்பி விளையும் முத்துப் பார்களின் மேலான போட்டி முற்றியது. நெருக்கடிக்கு ஆளான இக்கரை மீனவச் சமூகமான பரதவரின் தலைவர்கள் கொச்சிக்குப் போய்ப் போர்ச்சுக்கீசியரிடம் பாதுகாப்புக் கேட்டார்கள். அதன் தொடர்ச்சியாகச் சில ஆண்டுகளுக்குள் ஏறத்தாழ 20,000 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள் என்று வரலாற்றாசிரியர்கள் எழுதுகிறார்கள். கத்தோலிக்க மறைப்பணியாளர் பிரான்சிஸ் சேவியர் இக்கரைக்கு வந்தது அதற்குப் பிறகு, 1542-ல். வேம்பார், வைப்பார், தூத்துக்குடி, புன்னைக்காயல், வீரபாண்டியன்பட்டினம், ஆலந்தலை, மணப்பாடு ஆகிய ஏழு கடற்துறைகளும் ஒரே சாதித் தலைவரின் கீழ் ஒருங்கு நின்றதும் அந்த உரிமைப் போராட்டத்தோடு பிணைந்த செய்தி. 1658-ல் டச்சுக்காரர் தூத்துக்குடியைப் பிடித்தார்கள். 1825-ல் அது ஆங்கிலேயரிடம் நிலையாகப் போனது. கொடிகள் மாறின, முத்துப் பாரின் மேலான வரி மட்டும் மாறவில்லை.

அந்த வரியின் அளவுகோல் ஒரு கல். குளியாளி காலைக் கோத்து அடியில் இறங்கப் பயன்படுத்தும் அதே கல். இத்தனை கல் நாயக்க மன்னருக்கு, இத்தனை கல் ராமநாதபுரம் சேதுபதிக்கு, இத்தனை கல் கோயில்களுக்கு, இத்தனை கல் சாதித் தலைவருக்கு என்று வரியில்லாக் கற்கள் ஒதுக்கப்பட்டன. ஆங்கில அரசு இந்த மானியங்களைப் படிப்படியாகக் குறைத்தது.

முத்துச் சலாபம் எனப்பட்ட முத்துக்குளிப்பு ஆண்டுதோறும் நடந்ததில்லை. பாரில் சிப்பி முற்றியிருக்கிறதா என்று சோதித்துப் பார்த்து, முற்றிய ஆண்டில் மட்டும் அரசு அறிவிக்கும். அப்போது கடற்கரையில் ஓலைக் கொட்டகைகளால் ஒரு நகரமே எழும். விடியும் முன் வள்ளங்கள் கிளம்பும். ஒரு கல்லுக்கு இரண்டு குளியாளிகள் மாறி மாறி இறங்குவார்கள். ஐந்து முதல் பத்துப் பாகம் ஆழம். உள்ளே இருக்கும் நேரம் ஏறத்தாழ ஒரு நிமிடம். இடுப்பில் கட்டிய வலைப்பையை நிரப்பிக் கயிற்றை அசைத்தால் மேலே இருப்பவர் இழுக்க வேண்டும். அந்தக் கயிற்றைப் பிடிப்பவர் மைத்துனராக இருக்க வேண்டும் என்று கரையில் சொல்வார்கள். தன் அக்காளோ தங்கையோ தாலியிழக்க அவர் சம்மதிக்க மாட்டார் என்பது அதற்குக் காரணம்.

பிற்பகலில் வள்ளங்கள் திரும்பியதும் பங்கு பிரிப்பு. வேலியிட்ட கொட்டுக்குள் சிப்பியைக் கொட்டி, வள்ளத்து ஆட்களே அதை மூன்று சம குவியல்களாகப் பிரிக்க வேண்டும். அரசு அதிகாரி வந்து எந்த இரண்டு அரசுக்கு என்று காட்டுவார். மிச்சமிருப்பது குளியாளிகளுக்கு. எந்தக் குவியல் தமக்கு மிஞ்சும் என்பது தெரியாததால் மூன்றையும் நேர்மையாகப் பிரிப்பதைத் தவிர வேறு வழியில்லை. அரசின் பங்கு மாலையில் ஆயிரம் சிப்பி என்ற கணக்கில் ஏலத்துக்குப் போகும். குளியாளிகள் தங்கள் பங்கைக் கொட்டின் வாசலிலேயே பத்தும் இருபதுமாக விற்பார்கள். உள்ளே முத்து இருக்கிறதா இல்லையா என்பது வாங்குகிறவருடைய அதிர்ஷ்டம். உயிரைக் கொடுத்து எடுத்தவருக்கு மூன்றில் ஒன்று. கடலடியைத் தன்னுடையது என்று எழுதிக்கொண்ட அரசுக்கு மூன்றில் இரண்டு. அன்றைய உடைமை முறையை விளக்க இந்த மூன்று குவியலும் போதும்.

சங்கின் கதை இன்னும் தெளிவானது. வங்காளத்துப் பெண்களின் வளையலுக்காக இக்கரைச் சங்கு ஆயிரக்கணக்கில் கல்கத்தாவுக்குக் கப்பலேறியது. பாக் வளைகுடாவில் ராமநாதபுரம் அரசரின் குத்தகைதாரருக்கு உரிய சங்குப் படுகையிலிருந்து சங்கெடுத்தவர்கள் மீது திருட்டு வழக்குப் போடப்பட்டது. கரையிலிருந்து சில மைல் தொலைவில், யாரும் வேலி போடாத கடலடியில் தானாக வளரும் உயிரை எடுப்பது திருட்டாகுமா? ஆகும் என்றது சென்னை உயர் நீதிமன்றம். அன்னக்குமரு பிள்ளை வழக்கு என்று சட்ட மாணவர்கள் படிக்கும் இந்தத் தீர்ப்பு 1903-04 காலத்தது. அடுத்து 1905-ல் வந்த சென்னை நில ஆக்கிரமிப்புச் சட்டம், உயர் அலைக் குறிக்குக் கீழேயுள்ள கடற்படுகை, துறைமுகங்கள், கழிகள் எல்லாம் அரசின் உடைமை என்று அறிவித்தது. அந்தச் சட்டம் இன்றும் தமிழ்நாட்டில் நடப்பில் இருக்கிறது.

கவனிக்க வேண்டிய இடம் இது. கடலுக்கு உரிமைப் பத்திரம் எழுத முடியாது, அலைக்கு எல்லைக்கல் நட முடியாது என்று அரசு ஒருபோதும் சொன்னதில்லை. தனக்கு வேண்டியபோது சில மைல் கடலுக்குள்ளும் எழுதியது. கரையில் குடியிருப்பவர் கேட்கும்போது மட்டும் கடற்கரை எழுத முடியாத நிலமாகிவிடுகிறது.

1955 முதல் 1961 வரை தொடர்ந்து நடந்ததுதான் தூத்துக்குடியின் கடைசிப் பெரிய சலாபம். அதன்பின் பார்களில் சிப்பி விளையவில்லை. 1973-ல் வேப்பலோடையில் மத்தியக் கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனத்தின் விஞ்ஞானி கே.அழகர்சாமியும் அவருடைய குழுவினரும் வளர்ப்பு முத்தை உருவாக்கிக் காட்டினார்கள். அறிவியலில் அது பெரிய சாதனை. ஆனால் முத்துக்குளி என்ற வாழ்க்கை அந்த 1961-லேயே முடிந்துவிட்டது. சங்குகுளிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தூத்துக்குடி திரேஸ்புரத்திலிருந்து போகிறவர்களில் பலர் கம்ப்ரசரிலிருந்து வரும் குழாயை வாயில் கடித்துக்கொண்டு ஆழத்தில் இறங்குகிறார்கள். முறையான பயிற்சியும் கருவியும் இல்லாமல் ஆழத்தில் நெடுநேரம் இருந்து வேகமாக மேலே வந்தால் கை கால் விளங்காமல் போகலாம், உயிரே போகலாம்.

மீன்பிடியில் உடைமை என்பது பங்கு. வள்ளம் கரைக்கு வந்து பாடு, அதாவது பிடிபட்ட மீன், ஏலம் போனதும் டீசல், ஐஸ், சாப்பாட்டுச் செலவு முதலில் கழியும். மீதியில் வள்ளத்துக்கும் இயந்திரத்துக்கும் வலைக்கும் ஒரு பகுதி. தொழிலுக்குப் போன ஆட்களுக்கு மறுபகுதி. விகிதம் ஊருக்கு ஊர், வலைக்கு வலை மாறும். ஆனால் அடிப்படை ஒன்றுதான்: பாடு இல்லாத நாளில் வள்ளக்காரருக்கும் இல்லை, ஆளுக்கும் இல்லை. கூலி என்று நிலையாக எதுவும் கிடையாது. அப்பன் கடலுக்குப் போக முடியாமல் படுத்துவிட்டால் மகனைச் சேர்த்துக்கொள்வதும், கடலில் ஆளைப் பறிகொடுத்த வீட்டுக்கு ஒரு பங்கு எடுத்துவைப்பதும் பல ஊர்களின் வழக்கம். எந்தப் பத்திரமும் இல்லாத இந்தப் பங்கு முறைதான் இந்த ஊர்களைப் பஞ்ச காலத்தில் காப்பாற்றியது.

அந்தப் பங்குக்குள் நுழைந்திருப்பது கடன். வலை வாங்க, இயந்திரம் மாற்ற, கல்யாணம் செய்ய என்று வியாபாரியிடம் முன்பணம் வாங்கியவர் மீனை அவரிடமே கொடுக்க வேண்டும். ஏலத்தில் அவருடைய மீனுக்கு வேறொருவர் கூடுதல் விலை கேட்டாலும் பயனில்லை. கடன் தீரும்வரை தரகு பிடிக்கப்படும். கடன் எளிதில் தீராது. வள்ளம் அவர் பெயரில் பதிவாகியிருக்கிறது. அதன் வருமானம் வேறொருவர் கையில் இருக்கிறது.

வீட்டுக்குள் வந்தால் கணக்கு பெண்கள் கையில். மீன் விற்பதும், கருவாடு காயப்போடுவதும், சீட்டுக் கட்டுவதும், நகையை அடகு வைத்து மீட்பதும் அவர்கள். கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடை. விசைப்படகுகள் கரையில் கட்டிக்கிடக்கும் அந்த நாட்களில், படகில் வேலை பார்க்கிறவர் வீட்டுத் தோடும் சங்கிலியும் அடகுக்கடைக்குப் போகின்றன. தெற்கே குமரி மாவட்டத்து முக்குவர் என்ற மீனவச் சமூகத்தின் ஊர்களில் ஆய்வு செய்த மானிடவியலாளர் கல்பனா ராம், அங்கே கடனையும் பணத்தையும் பெண்களே நிர்வகிப்பதையும், வீடு பெண்மக்களுக்குச் சேரும் வழக்கத்தையும் 1991-ல் வெளியான தம் நூலில் விரிவாக எழுதினார். கடலுக்குப் போன ஆண் திரும்பாமல் போகலாம் என்ற உண்மையின் மேல் நிற்கும் ஏற்பாடு அது. உவரியில் பிறந்த ஜோ டி குருஸின் 'ஆழி சூழ் உலகு', 'கொற்கை' ஆகிய நாவல்களில் இந்த வீடுகளின் உள்வாழ்க்கை முழுதாக இருக்கிறது. 'கொற்கை' 2013-ல் சாகித்திய அகாதெமி விருது பெற்றது. தமிழ் வாசகர்கள் கொண்டாடிய அந்த உலகத்தை வருவாய்த் துறைப் பதிவேடு இன்னும் புறம்போக்கு என்றே அழைக்கிறது.

கரைக்கு வருவோம். வெளியூர்க்காரர் கண்ணுக்கு அது வெறும் மணல். ஊர்க்காரருக்கோ வள்ளம் ஏற்றுமிடம், வலை காய்வதும் பழுது பார்ப்பதும் நடக்குமிடம், ஏலம் போடுமிடம், கருவாட்டுக் களம், பிள்ளைகளின் விளையாட்டுத் திடல், திருவிழாவுக்குச் சப்பரம் வந்து திரும்பும் வெளி. இன்ன இடம் இன்ன வள்ளத்துக்கு என்பது ஊருக்குள் எல்லோருக்கும் தெரியும். ஊர்க் கமிட்டி சொன்னால் அதற்கு மேல் பேச்சில்லை. தாலுகா அலுவலகத்தில் மட்டும் அதற்குச் சான்று இல்லை.

1991 பிப்ரவரியில் மத்திய அரசு கடற்கரை ஒழுங்குமுறை மண்டல அறிவிக்கையைக் கொண்டுவந்தது. உயர் அலைக் கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை கட்டுப்பாடு வந்தது. ஊரகக் கரைகளில் முதல் 200 மீட்டரில் புதுக் கட்டுமானத்துக்குத் தடை வந்தது. பெரிய ஓட்டல்களையும் ஆலைகளையும் தடுப்பதற்கு அது தேவையாக இருந்தது, மீனவர் அமைப்புகளும் அதை ஆதரித்தன. 2011-ல் திருத்தி எழுதப்பட்டபோது மீனவர்களின் நெடுங்கால வீட்டுத் தேவைக்குத் திட்டமிட வேண்டும் என்ற விதியும் சேர்ந்தது. 2019 ஜனவரியில் வந்த புதிய அறிவிக்கை, மக்கள் நெருக்கமுள்ள ஊரகக் கரைகளில் அந்த 200 மீட்டரை 50 ஆகக் குறைத்தது. கட்டுப்பாடு தளரும்போது நிலத்தின் விலை ஏறும். விலை ஏறும்போது பட்டா இல்லாதவர் முதலில் வெளியேற்றப்படுவார்.

ஆழிப்பேரலையின்போது, 2004 டிசம்பர் 26-ல், இலங்கைத் தீவு ஓரளவு மறைத்து நின்றதால் தூத்துக்குடி மாவட்டத்தில் உயிரிழப்பு மிகக் குறைவு. நாகப்பட்டினமும் கடலூரும் கன்னியாகுமரியும் பட்ட துயரம் நாடறிந்தது. 2005 மார்ச் 30-ல் தமிழ்நாடு அரசு வெளியிட்ட அரசாணை எண் 172, கடலிலிருந்து 200 மீட்டருக்குள் இருந்தவர்கள் அப்பால் புதுவீடு வாங்கிக்கொள்ளலாம், ஆனால் பழைய மனையை அரசிடம் ஒப்படைக்க வேண்டும் என்றது. பழைய இடத்திலேயே இருக்க விரும்பினால் இருக்கலாம். அரசு உதவி கிடையாது. பாதுகாப்பு என்ற நல்ல நோக்கத்தோடு வந்த இந்த ஆணையால், வீட்டுக்குக் கைமாறாகக் கரையைக் கொடுக்க வேண்டிய நிலை பல ஊர்களுக்கு வந்தது. அதே மீள்குடியேற்றத்தில் ஒரு நல்ல முன்மாதிரியும் பிறந்தது: புதுவீடுகள் மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பதிவாயின. மீனவப் பெண்கள் பலருக்கு முதன்முதலாகத் தம் பெயர் எழுதிய பத்திரம் கிடைத்தது.

கடலும் தன் பங்குக்கு நிலத்தை எடுத்துக்கொண்டிருக்கிறது. அரிப்புக்கு ஆளான ஊர்கள், கரையிலிருந்து கடலுக்குள் நீளும் கற்சுவரான தூண்டில் வளைவு கேட்டுப் போராடுகின்றன. திருச்செந்தூர் அமலி நகர் மக்கள் நடத்திய போராட்டங்கள் நாளிதழ் படிப்பவர்களுக்குத் தெரியும். மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளில் பூவரசன்பட்டி, விலாங்குச்சல்லி இரண்டும் நீருக்குள் போய்விட்டன. கட்டடத்துக்கும் சுண்ணாம்புக்கும் பவளப்பாறையை வெட்டி எடுத்த காலத்தின் விளைவு அது. தூத்துக்குடிக்கு எதிரே தேய்ந்துவந்த வான்தீவைக் காப்பாற்ற 2015 முதல் செயற்கைப் பாறைகளை இறக்கி வருகிறார்கள்.

கரை மேல் புதிய உரிமை கொண்டாடுகிறவர்களும் வந்தபடி இருக்கிறார்கள். 1974-ல் புதிய துறைமுகம் பெருந்துறைமுகமானது. பக்கத்தில் அனல்மின் நிலையம் எழுந்தது. 1986-ல் 21 தீவுகளும் கடல்சார் தேசியப் பூங்காவாயின. தங்கி மீன் காயவைத்த தீவுகளில் கால் வைக்கக்கூடாது என்றானது. 2024 பிப்ரவரி 28-ல் குலசேகரன்பட்டினம் ராக்கெட் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டப்பட்டது; அதற்கான நிலம் 2,000 ஏக்கருக்கு மேல். நாட்டுக்குத் துறைமுகம் வேண்டும், மின்சாரம் வேண்டும், பவளப்பாறையும் கடற்பசுவும் பிழைக்க வேண்டும், ஏவுதளமும் வேண்டும். இவற்றில் ஒன்றையும் வேண்டாம் என்று சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு முறையும் கரையைக் கொடுத்தவர்களுக்கு என்ன கொடுத்தோம் என்று மட்டும் கேட்க வேண்டியிருக்கிறது.

சட்டத்தில் பதில் இருப்பதுபோலத் தோன்றும். 2013-ன் நிலம் கையகப்படுத்தும் சட்டம், நீர்நிலைகளை நம்பிப் பிழைக்கும் மீனவர்களையும் படகோட்டிகளையும் பாதிக்கப்பட்ட குடும்பங்கள் என்று பெயர் சொல்லியே சேர்த்திருக்கிறது. ஆனால் புறம்போக்கு ஏற்கெனவே அரசுடையது. தன்னுடைய நிலத்தை அரசு கையகப்படுத்த வேண்டியதில்லை. ஒரு துறையிலிருந்து இன்னொரு துறைக்கு மாற்றினால் போதும். கையகப்படுத்தல் இல்லாத இடத்தில் அந்தச் சட்டத்தின் மறுவாழ்வு விதிகளுக்கும் வேலையில்லை.

இதே கேள்வியைச் சந்தித்த நாடுகள் உண்டு. இந்தோனேசியாவின் மலுக்குத் தீவுகளில் 'சாசி' என்ற வழக்கம் இருக்கிறது. லோலா என்ற கடல் நத்தையையோ கடல் அட்டையையோ குறிப்பிட்ட காலம்வரை எடுக்கக்கூடாது என்று ஊர் கூடித் தன் கடலைப் பூட்டும், பிறகு ஊர் கூடித் திறக்கும். 2007-ல் அந்நாட்டு அரசு, கரையோரக் கடலை நிறுவனங்களுக்கு உரிமம் கொடுத்து ஒதுக்க வழிசெய்யும் சட்டத்தைக் கொண்டுவந்தது. மீனவர்களும் தன்னார்வ அமைப்புகளும் வழக்குத் தொடுத்தார்கள். 2011-ல் அந்நாட்டு அரசியல் சாசன நீதிமன்றம் அந்தப் பிரிவுகளைச் செல்லாது என்று நீக்கியது. ஜப்பானில் 1949-ன் மீன்பிடிச் சட்டம் கரையோரக் கடலின் உரிமையை மீனவர் கூட்டுறவுச் சங்கங்களிடமே கொடுத்தது. ஊர்ச் சமூகத்தின் பெயரில் கடலுரிமையை எழுத முடியும் என்பதற்கு இவை சான்று.

நம் நாட்டிலேயே வழி இருக்கிறது. 2006-ன் வன உரிமைச் சட்டம், காட்டில் தலைமுறைகளாக வாழ்ந்தவர்களுக்குத் தனி உரிமையையும் ஊர்ப் பொது உரிமையையும் சட்டப்படி ஏற்றது. 2009-ல் எம்.எஸ்.சுவாமிநாதன் தலைமையிலான குழு, மீனவக் குடும்பங்களுக்கும் அதைப் போன்ற சட்டம் வேண்டும் என்று மத்திய அரசுக்குப் பரிந்துரைத்தது. அந்தச் சட்டம் இன்றுவரை வரவில்லை.

அதுவரை தமிழ்நாடு அரசு சும்மா இருக்க வேண்டியதில்லை. உழவர் ஊர்களில் நெல்லடிக்கும் களத்துக்கும், மாடு மேய்க்கும் மேய்ச்சல் தரைக்கும், மந்தைவெளிக்கும் வருவாய்ப் பதிவேட்டில் தனித்தனி வகை இருக்கிறது. அவற்றை நினைத்தபடி யாருக்கும் மாற்றிக் கொடுத்துவிட முடியாது. மீனவர் ஊருக்குக் கரைதான் களம். வள்ளம் ஏற்றும் இடம், வலைக் களம், கருவாட்டுக் களம், ஏலக் கூடம் என்று ஊர் ஊராக அளந்து, மீனவர் ஊர்ப் பொதுப் பயன்பாடு என்ற வகையில் ஏட்டில் ஏற்ற வருவாய்த் துறையால் முடியும். வீட்டு மனைகளுக்கு மனைவி, கணவன் இருவர் பெயரிலும் பட்டா கொடுக்க முடியும். கடற்கரை மேலாண்மைத் திட்ட வரைபடங்களில் தங்கள் குடியிருப்புகளும் படகு நிறுத்துமிடங்களும் விடுபட்டுள்ளன என்று மீனவர் சங்கங்கள் சொல்லும் குறையைக் களத்தில் நின்று சரிசெய்யவும் முடியும்.

அவையோரில் மீனவர் ஊரைச் சேர்ந்தவர்கள் இருப்பீர்கள். வழக்கறிஞர்கள், ஆசிரியர்கள், பொறியியல் மாணவர்கள் இருப்பீர்கள். அடுத்த முறை கடற்கரை வரைபடத்துக்கு மாவட்ட ஆட்சியர் கருத்துக் கேட்புக் கூட்டம் அறிவிக்கும்போது, உங்கள் ஊர்க் கரையின் எல்லைகளையும் அங்கே நடக்கும் தொழில்களையும் நீங்களே வரைந்து, ஊர்க் கமிட்டியின் கையெழுத்தோடு எடுத்துப் போங்கள். மனுவுக்கு ஒப்புகைச் சீட்டு வாங்காமல் திரும்பாதீர்கள்.